படகுக்குள் ஒரு குளம்

கடலினின்றும் நெடுந்தொலைவில், ஏறத்தாழ 2,800 அடி உயரமுள்ள மேட்டு நிலத்தில் வாழும் நாம், படகைப் பற்றியும் மீனைப் பற்றியும் ஆராயப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். கோலார் தங்கவயல் என்றதும் சுரங்கமும், இரும்புக் கோபுரங்களும், கழிவுமண் குன்றுகளும் நினைவுக்கு வருமேயன்றி வலையும் துடுப்பும் வாரா. ஆயினும், தொலைவிலுள்ள தீவொன்றில் மீனவர் தம் சிறு படகில் எதிர்கொண்ட ஒரு சிக்கலும், நம் பாட்டன்மார் மண்ணுக்கடியில் எதிர்கொண்ட ஒரு சிக்கலும் அடிப்படையில் ஒன்றே. மூடிய இடத்துக்குள் ஓர் உயிரை எவ்வாறு காப்பது என்பதே அச்சிக்கல். பிடித்த மீனைப் படகிலேயே உயிரோடு வைத்திருக்க மனிதன் கண்ட வழிகளின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அதற்கெனப் படகில் அமைக்கப்படும் நீர் அறையை 'உயிர்மீன் தொட்டி' என்று குறிப்போம்.

சிக்கல் இன்னது

நீரில் இருக்கும்வரை மீன் உயிரோடிருக்கும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். அது பாதி உண்மையே. ஒரு குடம் நிறைய நீர் முகந்து அதில் நாலைந்து மீன்களை விட்டுப் பார்ப்போமானால், சிறிது நேரத்தில் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பின்னர்ப் பக்கவாட்டில் சாயும். குடத்தில் நீர் குறைந்துவிடவில்லை. நீரில் கரைந்திருந்த உயிர்வளிதான் தீர்ந்துவிட்டது.

நாம் சுவாசிக்கும் காற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் உயிர்வளி உண்டு. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீரிலோ, லிட்டருக்கு ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் மட்டுமே கரைந்து நிற்கும். அதே வெப்பமுள்ள கடல் நீரில் அது ஆறு மில்லிகிராமைச் சற்றே தாண்டும். நீர் சூடாகச் சூடாக இந்த அளவு குறையும். மீனின் தேவையோ கூடும். இதனோடு, மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை ஓயாது வெளியேற்றுகிறது. தேங்கிய நீரில் அது சேர்ந்து நஞ்சாகிறது. எனவே மீனைக் காப்பது தொட்டியின் சுவர் அன்று; நீரின் போக்குவரவே மீனைக் காக்கிறது.

இதனைத் தங்கவயல் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழத்துக்குச் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது மதிக்கப்பட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேல். அங்கே மனிதன் நின்று பணி செய்ய வேண்டுமாயின், ஒரு வழியே நற்காற்று இறங்க வேண்டும். மற்றொரு வழியே கெட்ட காற்று ஏற வேண்டும். நுழைவாயும் வெளிவாயும் ஒன்றாயிருப்பின் காற்று ஓடாது. இயற்கையான காற்றோட்டம் போதாத ஆழத்தில் பெரும் விசிறிகளையும் குளிரூட்டும் பொறிகளையும் நிறுவினர். உயிர்மீன் தொட்டியின் இலக்கணமும் இதுவே. உட்புகும் வழி ஒன்று, வெளியேறும் வழி ஒன்று, இவ்விரண்டையும் ஓயாது இயக்கும் ஆற்றல் ஒன்று. ஆக மூன்று.

தமிழகத்தில் தேவை எழாதது ஏன்?

பண்டு தொட்டுக் கடலோடிய தமிழர் இத்தகைய தொட்டியைத் தம் கலங்களில் ஏன் அமைக்கவில்லை என்னும் வினா இங்கே எழுகிறது. அறியாமை என்று விடை கூறுவது எளிது. ஆனால் அது பொருந்தாது. தேவை எழாத இடத்தில் கருவி பிறவாது என்பதே சரியான விடையாகும்.

முதலாவதாக, சோழமண்டலக் கரையின் கலம் கட்டுமரம். மரத்துண்டுகளை இணைத்துக் கயிற்றால் பிணைத்த அக்கலத்துக்கு உட்குழிவு இல்லை. அலை அதன்மேல் ஏறி இடுக்குகளின் வழியே இறங்கிவிடும். அலை மோதும் மணற்கரையில் ஏறி இறங்குவதற்கு அதனினும் ஏற்ற கலம் வேறில்லை. உள்ளே நீரைத் தேக்கி வைக்க அதில் இடமேது?

இரண்டாவதாக, கடல்மீன் கரையிலேயே விலையாயிற்று. எஞ்சியது உப்பேறிக் கருவாடாயிற்று. நெய்தல் திணைப் பாடல்களில் மீன் உலர்த்தும் மணல்வெளியும், அதனைக் கவர வரும் பறவைகளை ஓட்டும் மகளிரும் காட்சியளிப்பதை நாம் அறிவோம். வெயிலும் உப்பும் நிறைந்த நாட்டில், தொலைவூர்ப் பயணத்துக்கு மீனை ஆயத்தப்படுத்தும் கலை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே முதிர்ந்திருந்தது. கடலைக் காணாத ஊர்களுக்குக் கடலின் சுவையைக் கொண்டு சென்றது கருவாடே.

மூன்றாவது காரணம் சுவையானது. நம் குளங்களிலும் ஏரிகளிலும் பெருமதிப்புப் பெற்ற விராலும், தேளியும், பனையேறிக் கெண்டையும் நீரிலுள்ள உயிர்வளியை மட்டும் நம்பி வாழ்பவை அல்ல. மேற்பரப்புக்கு வந்து காற்றையே உறிஞ்சும் தனி உறுப்புகள் அவற்றுக்கு உண்டு. ஆகவே சந்தையில் ஓர் அகன்ற பாத்திரத்தில் நாலு விரற்கடை நீரிட்டு விராலை மணிக்கணக்கில் உயிரோடு வைத்து விற்க முடிகிறது. 1791-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் இருந்த டென்மார்க் நாட்டுப் படை அதிகாரி டால்டார்ஃப் என்பவர், பனைமரத்தில் ஒரு மீன் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797-இல் இலண்டன் லின்னேயன் கழக வெளியீட்டில் வந்து ஐரோப்பிய அறிஞரிடையே பெருவியப்பை உண்டாக்கியது. மரமேறும் செய்தியைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஐயுற்றனர். ஆயினும் அம்மீன் ஈரத்தரையில் ஊர்ந்து செல்லும் என்பதிலும், காற்றைச் சுவாசிக்கும் என்பதிலும் ஐயமில்லை. இத்தகைய மீன்களைப் பெற்றிருந்த உள்நாட்டு மீனவனுக்கு ஓடும் நீர் கொண்ட தொட்டி எதற்கு?

மாசியும் மினிக்காய்த் தீவும்

எனினும் தமிழர் உண்ட ஒரு பண்டம், உயிர்மீன் தொட்டியின்றிப் பிறந்திருக்கவே இயலாது. அதுதான் மாசி. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மாசிச் சம்பலை அறியாத வீடு அரிது. கட்டைபோல் இறுகிய கருநிறத் துண்டைத் தட்டி நுணுக்கித் தேங்காய்ப்பூவோடும் மிளகாயோடும் சேர்ப்பர். மாலத்தீவு மக்களின் திவேகி மொழியில் மீனைக் குறிக்கும் 'மஸ்' என்னும் சொல்லோடு இப்பெயர் தொடர்புடையது.

மாலத்தீவுகள் நமக்குப் புதியவை அல்ல. முதலாம் இராசராச சோழன் தன் ஆட்சியின் பிற்பகுதியில் வென்றதாகக் கல்வெட்டுகள் கூறும் பழந்தீவுகள் இவையே என்று வரலாற்றறிஞர் கொள்வர். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தீவுகளில் தங்கிய பயணி இபின் பதூதா, இங்கு உலர்த்திய மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதை எழுதியுள்ளார். இவர் பின்னர் மதுரைச் சுல்தானியத்துக்கும் வந்தவர். மாலத்தீவுகளுக்கு வடக்கே, இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில், இந்திய எல்லைக்குள் அமைந்தது மினிக்காய்த் தீவு. அங்குள்ளோர் பேசும் மகல் மொழியும் திவேகியின் கிளையே. மீன்பிடி முறையும் ஒன்றே.

மாசி செய்யப்படுவது சூரை மீனினின்று. சூரை ஆழ்கடலில் கூட்டங்கூட்டமாக விரைந்து திரிவது. உயிருள்ள சிறுமீன் துள்ளினால் பாய்ந்து வரும். செத்த இரையை அவ்வாறு நாடாது. ஆகவே சூரையைப் பிடிக்கச் செல்பவன், முதலில் தீவைச் சூழ்ந்த ஆழமற்ற காயலில் விரலளவு சிறுமீன்களை வலையால் முகந்து, அவற்றை உயிரோடு திறந்த கடலுக்குக் கொண்டு செல்ல வேண்டும். அச்சிறுமீன்களோ மிக மென்மையானவை. குடத்து நீரில் அவை பிழையா.

இங்கேதான் அத்தீவுத் தச்சன் ஒரு துணிவான செயலைச் செய்தான். படகைக் கட்டுபவன் தன் வாழ்நாள் முழுதும் செய்யும் தொழில் ஓட்டையை அடைப்பதே. இவனோ படகின் நடுப்பகுதியை இரு தடுப்புகளால் பிரித்து, அவ்வறையின் அடிப்பலகையில் தானே துளைகளை இட்டான்! துளை வழியே கடல் நீர் உள்ளே புகுந்தது. அறைக்குள் ஏறும் நீரை ஆட்கள் ஓயாது இறைத்து வெளியே கொட்டினர். புதுநீர் கீழிருந்து வந்தது. பழைய நீர் மேலிருந்து வெளியேறியது. முன் சொன்ன மூன்றும் அமைந்தன: நுழைவாய் துளை, வெளிவாய் இறைகூடை, ஆற்றல் மனிதனின் தோள். தடுப்புகளுக்கு அப்பால் படகின் முன்பகுதியும் பின்பகுதியும் வறண்டு இருந்தமையால் கலம் மூழ்கவில்லை. இரை தீர்ந்ததும் துளைகளை மரக்குச்சிகளால் அடைத்து, நீரை இறைத்துவிட்டு, படகை இலேசாக்கிக் கரை திரும்பினர்.

சூரைக் கூட்டத்தைக் கண்டதும் ஒருவன் சிறுமீனைக் கைப்பிடியளவாக வீசுவான். சிலர் நீரை வாரி இறைத்துக் கடற்பரப்பைச் சலசலக்கச் செய்வர். இரைமீன் கூட்டம் துள்ளுவதுபோல் தோன்றும். மதிமயங்கிப் பாயும் சூரையைத் தூண்டிற்கோல் பிடித்தோர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் எறிவர். தூண்டில் முள்ளுக்குப் பின்முள் இல்லாமையால், மீன் தானே கழன்று படகில் விழும். ஒரே கூட்டத்திலிருந்து நூற்றுக்கணக்கில் பிடிப்பதும் உண்டு. பின்னர் அதனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்தால் மாசி.

மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக விளங்கிய எஸ். ஜோன்ஸ், மினிக்காயின் இம்மீன்பிடிப்பைப் பற்றி 1958-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அறிவுலகுக்கு இதனை முறைப்படி அறிமுகம் செய்தது. 1960-களில் 'பாப்லோ' எனப்படும், எட்டு மீட்டருக்கு உட்பட்ட சிறு இயந்திரப் படகுகள் பிற தீவுகளிலும் புகுந்தன. அவற்றிலும் இரைமீன் தொட்டி நடுநாயகமாக அமைந்தது. முன்னர் மினிக்காய்க்கே உரியதாயிருந்த தொழில், அகத்தி முதலிய தீவுகளுக்கும் பரவிற்று.

ஐரோப்பியக் கடல்களில்

இத்துணிவு இந்தியப் பெருங்கடலுக்கு மட்டும் உரியதன்று. நெதர்லாந்து மீனவர் 16-ஆம் நூற்றாண்டிலேயே துளையிட்ட நடுவறை கொண்ட படகுகளைப் பயன்படுத்தினர். இங்கிலாந்தில் ஹார்விச் துறைமுகத்தில் 1712-ஆம் ஆண்டு இத்தகைய கலம் முதன்முதலாகக் கட்டப்பட்டதாக அந்நாட்டு மீன்பிடி வரலாறு கூறுகிறது. வட கடலில் பிடித்த காட் மீன்களை வாரக்கணக்கில் உயிரோடு வைத்திருந்து இலண்டன் சந்தைக்கு அனுப்ப இவை உதவின. துறைமுகத்திலும் துளையிட்ட மரப்பெட்டிகளில் மீன்களை மிதக்கவிட்டு, விலை ஏறும்வரை காத்திருந்தனர்.

அவர்கள் மற்றொரு சிக்கலையும் கண்டனர். ஆழத்திலிருந்து மேலே கொணரப்பட்ட காட் மீனின் காற்றுப்பை விரிந்து, அது நீரில் மூழ்க இயலாமல் தொட்டியில் மல்லாந்து மிதந்தது. மீனவர் ஊசியால் அக்காற்றுப்பையைத் தக்க இடத்தில் குத்திக் காற்றை வெளியேற்றினர். மீன் நிமிர்ந்து நீந்திற்று. உயிரைக் காக்கத் தொட்டி மட்டும் போதாது, அவ்வுயிரின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

இக்கலங்களை ஓய்வு பெறச் செய்தவை பனிக்கட்டியும் இருப்புப் பாதையுமாகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், செத்த மீனையே பனிக்கட்டியில் பொதிந்து விரைவில் அனுப்ப முடிந்தபோது, உயிரோடு சுமக்கும் செலவு வீணாயிற்று. அக்காலத்தில் பனிக்கட்டி எத்துணை அரிய பொருளாயிருந்தது என்பதற்குச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் சான்று பகர்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி அங்கே சேமிக்கப்பட்டது. இன்று விவேகானந்தர் இல்லமாகத் திகழ்வது அக்கட்டடமே. பனிக்கட்டி மலிந்த பின்னும், செத்த இரையை நாடாத சூரைக்கு மட்டும் உயிருள்ள சிறுமீனே வேண்டியிருந்தது. ஆதலின் மினிக்காயின் துளைக்கு ஓய்வில்லை.

குடமும் பையும்

கடலை விட்டு உள்நாட்டுக்கு வருவோம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் நம் கருநாடகத்து ஏரிகளிலும் தமிழகத்து அணைகளிலும் இன்று வளர்கின்றன. இவை தேங்கிய நீரில் தாமாக முட்டையிட்டுப் பெருகுவன அல்ல. பெருக்கெடுத்தோடும் ஆற்றிலேயே இனம்பெருக்கும். ஆகவே ஆற்றில் குஞ்சுகளைத் திரட்டி ஏரிக்குச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

வங்காளத்து மீன்குஞ்சு வணிகர் இதனை மண்குடங்களில் செய்தனர். காவடிபோல் தோளில் சுமந்தும், இரயில் வண்டியில் ஏற்றியும் நெடுந்தொலைவு சென்றனர். வழி முழுவதும் குடத்தைக் குலுக்குவதும், கையால் நீரை அலைப்பதும், இடையிடையே பழைய நீரைக் கொட்டிப் புதுநீர் வார்ப்பதும் அவர்தம் வேலை. அலைக்கப்படும் நீரில் காற்று கரையும் என்பதை அவர்கள் ஏட்டில் படித்தறியவில்லை. கை ஓய்ந்தால் குஞ்சு மடியும் என்பதைக் கண்டறிந்திருந்தனர்.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு மாறுதல்கள் நிகழ்ந்தன. 1957-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள், ஒரிசாவில் அங்குல் என்னுமிடத்தில், ஹிராலால் சௌதுரி என்னும் அறிஞர் தம் குழுவினருடன் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திப் பெருங்கெண்டையை முட்டையிடச் செய்தார். அந்நாள் இன்று தேசிய மீன்வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. குஞ்சுக்காக ஆற்றை மட்டும் நம்பியிருக்கும் நிலை அன்றோடு மாறத் தொடங்கிற்று. மற்றொன்று பாலிதீன் பை. மூன்றிலொரு பங்கு நீரும் குஞ்சுகளும். எஞ்சிய இரண்டு பங்கில் அழுத்தி நிரப்பிய தூய உயிர்வளி. வாயை இறுகக் கட்டிவிட்டால் பல மணி நேரம் கவலையில்லை. தோளும் கையும் செய்த வேலையைப் பை செய்தது. ஆயினும் பைக்குள் அடைத்த உயிர்வளிக்கும் ஓர் எல்லை உண்டு. அம்மோனியா அங்கும் சேரும். அடைத்த பை ஒரு பயணத்துக்கே ஏற்றது, வாழ்வதற்கு ஏற்றதன்று.

இன்று ஒரு சிறு படகில் அமைப்பதாயின்

ஏரியிலோ அணையிலோ காயலிலோ ஓடும் சிறு படகில் உயிர்மீன் தொட்டி அமைக்க விழைவோர் உளராயின், மேற்கூறிய வரலாறு அவர்களுக்கு நேரே வழிகாட்டும்.

முதலில் எடை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம். 90 சென்டிமீட்டர் நீளமும், 45 சென்டிமீட்டர் அகலமும், 50 சென்டிமீட்டர் ஆழமும் உடைய தொட்டி 200 லிட்டர் கொள்ளும். அதாவது மூன்று ஆட்களைக் கூடுதலாக ஏற்றியதற்கு ஒப்பாகும். ஆகவே தொட்டியைப் படகின் நடுவில், இயன்ற அளவு தாழ்வாக அமைத்தல் வேண்டும். பாதி நிரம்பிய தொட்டி முழுதும் நிரம்பியதைக் காட்டிலும் ஆபத்தானது. படகு ஒரு பக்கம் சாய்ந்தால் நீரெல்லாம் அப்பக்கமே ஓடிச் சாய்வைப் பெருக்கும். அதனைத் தடுக்கவே அகலத்தைக் குறுக்குவதும், நடுவில் துளையுள்ள தடுப்புப் பலகை இடுவதும்.

அடுத்து வடிவம். கூட்டமாகத் திரியும் சிறுமீன்கள் வட்டமிட்டு நீந்துவன. கூரிய மூலைகளில் அவை நெருங்கி மோதி மூக்கைப் புண்ணாக்கிக் கொள்ளும். எனவே மூலைகளை வளைத்து மழுக்குதல் நன்று. மரத்தாலான தொட்டியாயின் உட்புறம் கண்ணாடியிழைப் பூச்சிட்டு வழவழப்பாக்குவர். மூடி கட்டாயம் வேண்டும். வெயில் நேரே பட்டால் நீர் சூடேறும், உயிர்வளி குறையும்.

மூன்றாவது நீரோட்டம். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முறையேனும் முழு நீரும் மாற வேண்டும். நம் 200 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1,000 முதல் 1,200 லிட்டர் வரை இறைக்கும், மின்கலத்தில் ஓடும் சிறிய பம்பு போதுமானது. நீர் ஒரு பக்கம் கீழே புக வேண்டும். எதிர்ப்பக்கம் மேலே, வேண்டிய மட்டத்தில் பொருத்திய குழாய் வழியே வழிய வேண்டும். வழியும் குழாய் புகும் குழாயைவிடப் பெரிதாயிருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் தொட்டி நிறைந்து படகுக்குள் வழியும். குழாயின் வாயில் வலை பொருத்தாவிடில் மீன் நீரோடு போய்விடும்.

நான்காவது, பலரும் மறப்பது: அடைப்பு. ஏரி நீர் கலங்கியோ, பாசி அழுகியோ, கழிவு கலந்தோ இருக்குமிடத்தில் அந்நீரை உள்ளே விடுவது மீனைக் கொல்லும். அவ்விடத்தில் துளையை மூடி, உள்ளிருக்கும் நீரையே சுழலச் செய்து காற்றூட்ட வேண்டும். நல்ல நீர் வந்ததும் மீண்டும் திறக்க வேண்டும். அடைக்க இயலாத துளை படகை மூழ்கடிக்கும்; திறக்க இயலாத அடைப்பு மீனைக் கொல்லும். இரண்டும் படகோட்டியின் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

இக்கருவியின் பெருமையைக் கூறும்போது அதன் எல்லையையும் கூறுவதே முறை. இலட்சத்தீவில் படகுகள் பெருகியதும் இரைமீன் தட்டுப்பாடு அடிக்கடி எழலாயிற்று. சிறுமீன்கள் பவளப்பாறைகளைச் சார்ந்து வாழ்பவை. பாறை நலிந்தால் அவையும் குன்றும். தொட்டி எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும், முகப்பதற்கு வெளியே நல்ல நீரும் நல்ல மீனும் இல்லையேல் பயனில்லை.

நாமும் ஒரு தொட்டியில்

பாலாறு நம் மாவட்டத்தையொட்டிய நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பேத்தமங்கலம் ஏரியை நிறைத்து, ஆந்திரம் கடந்து, வட ஆர்க்காட்டு நிலப்பரப்பின் வழியே வங்கக் கடலை நோக்கிச் செல்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் குழுமம் இங்குச் சுரங்கப் பணியை ஏற்ற பின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் முதலிய பகுதிகளிலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்தனர். ஆறு இறங்கிய திசைக்கு எதிராக அவர்களுட் பலர் ஏறி வந்தார்கள் என்னலாம். 1894-இல் மாரிகுப்பம் வரை இருப்புப் பாதை வந்தது. பேத்தமங்கலத்து நீர் குழாய் வழியே தங்கவயலுக்கு வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. நீர், காற்று, ஒளி என்னும் மூன்றையும் வெளியிலிருந்து கொணர்ந்தே இவ்வூர் வாழ்ந்தது.

அத்துடன் ஒரு மொழியும் வந்தது. தமிழ் இங்கே நூறாண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்ததற்குக் காரணம், அதனை நாம் மூடிவைத்தமை அன்று. கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் அதன் சுவர்த் துளைகளின் வழியே வந்து சென்றன. ஊரிலிருந்து உறவினரும், திருமணமும், செய்தித்தாளும், நாடகமும், திரைப்படமும் புதுநீராகப் புகுந்தன. இறைப்பதற்குத் தோள்கள் இருந்தன. படிப்பகங்களையும் மன்றங்களையும் நடத்தியோர், எட்டு மணி நேரம் மண்ணுக்கடியில் உழைத்து மேலேறிய பின் அப்பணியைச் செய்தனர்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புவோர் பெருகினர். குடும்பங்கள் பல வேறு நகரங்களுக்கும் நாடுகளுக்கும் பெயர்ந்தன. நம் பிள்ளைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கற்கின்றனர், கற்க வேண்டும். அந்நீர் புகுவதைக் கண்டு அஞ்சி எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுவோர் ஒருசாரார். தமிழைக் கட்டிய பையில் வைத்துப் பத்திரப்படுத்தினால் போதும் என்று அவர்கள் எண்ணுவர். நீர் தன் போக்கில் ஏறட்டும் என்று இறைகூடையைக் கீழே வைத்துவிடுவோர் மற்றொருசாரார். முன்னது மீனைக் கொல்லும். பின்னது படகை மூழ்கடிக்கும். மினிக்காய்த் தச்சன் இவ்விரண்டையும் செய்யவில்லை. துளையையும் இட்டான், அதற்கேற்ற குச்சியையும் சீவி வைத்தான், இறைக்க ஆளையும் அமர்த்தினான்.

இவற்றுள் அரியது ஆள் அமர்த்துதலே. வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஒரு தாய், சுரங்கத்தில் வழங்கிய சொற்களைப் பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு தாத்தா, பழைய படிப்பகத்தின் பூட்டைத் திறந்து நூல்களைத் துடைத்து அடுக்கும் ஓர் இளைஞர் ஆகியோரே இன்று இறைகூடையைக் கையில் ஏந்தியவர்கள். அவர்கள் கை ஓயாதவரை படகுக்குள் இருக்கும் இச்சிறு குளம் வற்றாது. அதிலுள்ள உயிரும் வாடாது.